பெட்ரோல் லைன் ஒழுகல்: அடைப்பது வேறு, சரிசெய்வது வேறு

"கொஞ்ச நாளாவே வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை வருது. கீழே குனிஞ்சு பார்த்தேன், ஒண்ணும் ஒழுகலை." பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. சொட்டு விழவில்லை என்பதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதி வேண்டாம் என்றுதான் நான் முதலில் சொல்வேன். சன்னமாகக் கசியும் பெட்ரோல், அதுவும் சூடான எஞ்சின் பக்கத்தில் கசிந்தால், தரைக்கு வருவதற்கு முன்பே ஆவியாகிவிடும். சொட்டே இருக்காது, வாடை மட்டும் இருக்கும். தீப்பிடிப்பது அந்த ஆவிதான்.

பெட்ரோலிலிருந்து எரியக்கூடிய அளவுக்கு ஆவி கிளம்ப மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் போதும். எந்த ஊரில், எந்தக் குளிர்காலத்தில் வண்டி நின்றாலும் அது எரியத் தயாராகவே இருக்கிறது என்று அர்த்தம். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் அந்த ஆவி மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாகப் பரவி, பள்ளமான இடத்தில் தேங்கும். சர்வீஸ் பிட்டில் இறங்கி பெட்ரோல் லைனை, அதாவது டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் குழாயை, கழற்றக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மேலே நிற்பவருக்கு வாடையே தெரியாது, கீழே நிற்பவர் இடுப்பளவு ஆவியில் நிற்பார். பெட்ரோல் தானாகப் பற்றும் வெப்பநிலை சுமார் 250 முதல் 280 டிகிரி. மேடு ஏறும்போது எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் அதைச் சாதாரணமாகத் தாண்டும். தீப்பொறி என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை.

ஆகவே ஓட்டும்போது திடீரென்று வாடை கனத்தால், ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கி, வண்டியை விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டிலிருந்து புகை வந்தால் அதை முழுக்கத் தூக்கிப் பார்க்காதீர்கள், உள்ளே காற்று புகுந்து தீ எழும்பும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். உலர் பவுடர் அல்லது நுரை வகை தீயணைப்பான் வேண்டும். மூடிய கார் ஷெட்டுக்குள் வாடை அடித்தால் விளக்கு, ஃபேன், மின்கதவு எந்த சுவிட்சையும் தொடாமல், கதவைக் கையால் திறந்துவிட்டு, வண்டியைத் தள்ளியே வெளியே கொண்டுவர வேண்டும். ஸ்டார்ட் செய்து எடுக்கக் கூடாது.

எங்கே ஒழுகுகிறது?

ஈரம் தெரியும் இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்ரோல் பைப்பைப் பிடித்துக்கொண்டே ஓடி, மிகத் தாழ்ந்த வளைவில் வந்து சொட்டும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். சொட்டும் இடத்தைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்து மேலேயும் முன்னேயும் தேட வேண்டும். இன்னொரு அடையாளம், அழுக்கு. டீசல் கசிந்தால் அந்த இடத்தில் தூசி அப்பிக் கறுப்பாக இருக்கும். பெட்ரோல் நேர்மாறு: தூசியைக் கழுவிவிட்டுக் காய்ந்துபோகும். அடிப்பாகம் முழுக்க மண் படிந்திருக்க, ஒரு சாண் பைப் மட்டும் துடைத்துவைத்த மாதிரி இருந்தால் சந்தேகம் அங்கேதான்.

பார்ப்பதைவிடக் கேட்பதில் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வாடை எப்போது வருகிறது? டேங்க் முழுக்க நிரப்பிய அன்று மட்டும் வந்து, பாதி குறைந்ததும் போய்விடுகிறது என்றால் கசிவு டேங்கின் மேல்பாகத்தில்: பம்ப் மூடியின் சீல், ஃபில்லர் கழுத்து ஹோஸ், ஆவி போகும் சின்னக் குழாய் இவற்றில் ஒன்று. குளிர்ந்த காலையில் வந்து, எஞ்சின் சூடானதும் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் ஒரு ஓ-ரிங், அதாவது இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம், கெட்டிப்பட்டுப் போயிருக்கும். குளிரில் சுருங்கிக் கசியும், சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மேல் ஓ-ரிங்குகள் இப்படித்தான் ஆளை அலைக்கழிக்கும். மத்தியானம் பட்டறைக்கு வந்தால் எதுவும் தெரியாது. அந்த மாதிரி வண்டியை இரவு நிறுத்தி, மறுநாள் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போதே பார்த்தால்தான் பிடிபடும். நின்ற பிறகுதான் சொட்டுகிறது, ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கிறது என்றால், எஞ்சினில் மெக்கானிக்கல் பம்ப் இருக்கும் பழைய வண்டியில் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள பாகத்தைப் பாருங்கள். ஓடும்போது அந்த லைன் உறிஞ்சும் லைன். ஓட்டை வழியாகப் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும்.

இருசக்கர வண்டியில் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சொட்டுவதைப் பார்த்துவிட்டு ஹோஸை மாற்றச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. அது லைன் ஒழுகல் இல்லை. உள்ளே மிதவையின் நீடில் வால்வ் சரியாக மூடவில்லை, அல்லது அதில் தூசி மாட்டியிருக்கிறது. ஹோஸை மாற்றினால் காசுதான் வீண்.

மற்றபடி வழக்கமான இடங்கள் சில உண்டு. இரும்பு பைப் கிளிப்புக்கு அடியில் அழுகும். ஈர மண் அங்கே சிக்கி நிற்பதால் வெளியே பளபளவென்று தெரியும் பைப் உள்ளே காகிதமாகியிருக்கும். சேசிஸிலோ இன்னொரு குழாயிலோ உரசும் இடம், ஃபில்டரின் இரண்டு முனைகள், ரப்பர் ஹோஸ் முடியும் இடங்கள், எக்ஸாஸ்டுக்கு அருகில் போகும் வளைவு இவற்றையும் பார்ப்போம். வண்டி பல நாள் ஓடாமல் நின்றிருந்தால் எலிக் கடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லைனுக்குள் இருக்கும் அழுத்தம்

கார்புரேட்டர் வண்டியில் மெக்கானிக்கல் பம்ப் தருவது 4 முதல் 7 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு). அங்கே கிளிப்பைத் தளர்த்தினால் பெட்ரோல் ஒழுகும், அவ்வளவுதான். இன்ஜெக்‌ஷன் வண்டியில் லைனில் 3 முதல் 4 பார், அதாவது ஏறக்குறைய 45 முதல் 60 பிஎஸ்ஐ. எஞ்சினை நிறுத்தினாலும் அந்த அழுத்தம் மணிக்கணக்கில் உள்ளேயே நிற்கும். வண்டி காலையிலிருந்து ஓடவில்லையே என்று நினைத்து யூனியனை, அதாவது குழாய்களை இணைக்கும் திருகு நட்டை, திறப்பவரின் முகத்தில் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். படுத்துக்கொண்டு வேலை பார்ப்பவர் என்றால் கண்ணில். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் புதிய பெட்ரோல் எஞ்சின்களில் பம்புக்கும் ரெயிலுக்கும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்) நடுவே 200 பார், சிலவற்றில் 350 பார் வரை போகும். டீசல் காமன் ரெயிலில் 1600, 2000 பார் சாதாரணம். அந்த அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரை தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஊசி குத்திய அளவுக்குத்தான் வெளியே காயம் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். கையால் தடவி ஒழுகலைத் தேடும் பழக்கத்தை அந்த எஞ்சின்களில் அடியோடு விட்டுவிடுங்கள், ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அந்த உயர் அழுத்தக் குழாய்களை வீட்டில் கழற்றவே வேண்டாம். பல நிறுவனங்கள் அவற்றை ஒரு முறை கழற்றினால் புதிதாகத்தான் போட வேண்டும் என்று சொல்கின்றன. எல்பிஜி, சிஎன்ஜி கிட் உள்ள வண்டியில் கேஸ் வாடை வந்தால் அது முழுக்க வேறு வேலை. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, அதற்கென்று அங்கீகாரம் பெற்றவரிடம் போங்கள். நான் இங்கே சொல்வது பெட்ரோல் லைனைப் பற்றி மட்டும்.

அழுத்தத்தை இறக்கும் வழி சுலபம். பெட்ரோல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், லைனில் இருப்பதை எரித்துவிட்டுத் தானே நின்றுவிடும். அப்புறம் இரண்டு மூன்று விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றலாம். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. எஞ்சின் அறையே நனையும் அளவுக்கு ஒழுகினால் இந்த முறையைச் செய்யக் கூடாது, ஏனென்றால் அதற்கு எஞ்சினை ஓட்ட வேண்டும். அந்த நிலையில் வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி, ஆவி கலைந்து எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அதன் பிறகே பேட்டரியைத் தொட வேண்டும். டெர்மினலைக் கழற்றும்போது வரும் சின்னப் பொறியே போதும் பற்றவைக்க. பிறகு யூனியனைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் வருகிற பெட்ரோல் துணியில் இறங்கும். அந்தத் துணியைக் குப்பைத் தொட்டியில் திணிக்காமல், வெளியே விரித்துப்போட்டுக் காயவிடுங்கள்.

டேங்கிலிருந்து வடிக்க வேண்டியிருந்தால் பெட்ரோலுக்கான கேனைத் தரையில் வைத்துப் பிடியுங்கள், கையில் தூக்கிக்கொண்டு வேண்டாம். நிலை மின்சாரம் பொறியாகத் தாவும். தண்ணீர் பாட்டிலில் பிடிக்கவே கூடாது. உடையக்கூடிய பல்பு உள்ள கைவிளக்குக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாமல் ஸ்டாண்டு வையுங்கள். வாயால் உறிஞ்சி டியூபில் பெட்ரோல் எடுப்பதை நான் எங்கே பார்த்தாலும் தடுத்துவிடுவேன். தவறி ஒரு வாய் உள்ளே போய், அது நுரையீரலில் இறங்கினால் கடுமையான அழற்சி வரும், உயிரே போகலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாந்தி வரும்போதுதான் அது மறுபடி நுரையீரலுக்குப் போகும்.

ஒட்டு வேலைகள்

சோப்பு, எபாக்ஸி பசை, டெஃப்லான் டேப், பழைய ரப்பர் டியூபை வரிந்து கட்டுவது. இவை ஒவ்வொன்றையும் நான் வண்டிகளிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறேன். சோப்பு விஷயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பெட்ரோலில் சோப்பு கரையாது, அழுத்தமே இல்லாத டேங்கில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் அழுத்தித் தேய்த்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம். லைனுக்கு அது பொருந்தாது. எபாக்ஸி, காய்ந்த சுத்தமான உலோகத்தில்தான் பிடிக்கும். ஒழுகிக்கொண்டிருக்கும் பைப்பில் ஈரத்தின் மேல்தான் உட்காரும், உள்ளே இருக்கும் 3 பார் அதைச் சில நாளில் தூக்கிவிடும். டெஃப்லான் டேப் இன்னும் மோசம். ஃப்ளேர் யூனியனில் கசிவைத் தடுப்பது மரை இல்லை, உலோகத்தின் விரிந்த முகமும் அது உட்காரும் சரிவும்தான். மரையில் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை. பிய்ந்த இழைகள் போய் இன்ஜெக்டரை அடைக்கும்.

பசையும் டேப்பும் சில நாள் ஒழுகலை நிறுத்தவே செய்கின்றன, மறுக்கவில்லை. நான் பயப்படுவது அதற்குத்தான். ஒழுகல் நின்றதும் வண்டிக்காரர் மறந்துவிடுகிறார். பைப் அந்த ஒரு புள்ளியில் மட்டும் கெட்டுப்போகாது. துரு தின்ற பைப்பில் வெளியே தெரிந்த ஓட்டை ஒன்று என்றால், அதன் இரு பக்கமும் அடுத்த ஓட்டைகள் தயாராகிக்கொண்டிருக்கும். நல்ல உலோகம் எங்கே தொடங்குகிறதோ அதுவரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவதைத்தான் பழுதுபார்த்தது என்பேன். வெல்டிங் யோசனையோடு யாராவது வந்தால் விலகிவிடுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, அதில் இருப்பது முழுக்க ஆவியும் காற்றும்.

எந்த ஹோஸ்?

ரப்பர் ஹோஸில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடையில் "பெட்ரோல் ஹோஸ்" என்று கேட்டால் கறுப்பாக ஒன்றை வெட்டித் தருவார்கள். அதன் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஹோஸ்களுக்கான தரக் குறியீடு அது. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்6 அல்லது ஆர்7 என்றிருந்தால் அது கார்புரேட்டருக்கானது, 50 பிஎஸ்ஐ வரைதான் தாங்கும். ஆர்9 என்றிருந்தால் இன்ஜெக்‌ஷனுக்கு. 100 பிஎஸ்ஐ தாங்கும், உள்ளே ஃப்ளூரோ ரப்பர் படலம் இருக்கும், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஈடுகொடுக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆர்7 போட்டால் முதல் நாளே வெடித்துவிடாது. அதன் எல்லையிலேயே நின்று வேலை செய்யும். சில மாதம் கழித்து, வெயிலில் நெரிசலில் நிற்கும்போது விரிசல் விடும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்9கூட ஆகாது, வெளி ரப்பர் ஊறிச் சிதையும். அதற்கென்று ஆர்10 இருக்கிறது. எதுவுமே அச்சடிக்காத ஹோஸைப் பெட்ரோலுக்குப் போடாதீர்கள். தண்ணீர் ஹோஸ், ஏர் ஹோஸ், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் எல்லாம் அதே கணக்கு.

பழைய வண்டிகளில் எத்தனால் ஒரு தனிப் பிரச்சினை. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. உள்பக்கம் ஊறி, மிருதுவாகி, துகள் துகளாக உதிரும். ஃபில்டரைக் கவிழ்த்தால் கறுப்புத் துகள் கொட்டுகிறது என்றால் ஹோஸ் உள்ளிருந்து கெட்டுக்கொண்டிருக்கிறது, வெளியே எத்தனை அழகாக இருந்தாலும்.

கூரான பிளேடால் நேராக, சாய்வில்லாமல் வெட்டுங்கள். பைப் முனையில் மோதிரம் போலப் புடைத்த ஒரு வளையம் இருக்க வேண்டும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போய், கிளாம்ப் அந்த வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும். வெட்டிய மொட்டை பைப்பில் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் எத்தனை இறுக்கினாலும் அழுத்தத்தில் நழுவும். கிளாம்பும் பட்டையில் துளை போட்ட சாதாரண வகை வேண்டாம், அந்தத் துளைகள் ரப்பரைத் துருவி எடுக்கும். ஓரம் மடித்த, சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் இருக்கிறது, அதைப் போடுங்கள். ரப்பர் பிதுங்கும்வரை முறுக்க வேண்டியதில்லை.

இரும்பு பைப்புக்குப் பதில் நீளமாக ரப்பரை ஓடவிடுவது குறுக்கு வழி. வண்டிக்கு அடியில் கல் அடிக்கும், எக்ஸாஸ்ட் சூடு படும். உலோகம் இருந்த இடத்தில் உலோகம்தான். செம்பு பைப் வளைக்கச் சுலபம் என்று சிலர் போடுகிறார்கள். அதிர்வில் அது இறுகி வெடிக்கும், போதாததற்குப் பெட்ரோலைப் பிசினாக்குவதையும் துரிதப்படுத்தும். துருவைத் தாங்கும் செம்பு-நிக்கல் கலவை பைப் வேறு, அது நல்லது. முனையை இரட்டை ஃப்ளேராகவோ (விளிம்பை மடித்து இரண்டு அடுக்காக விரிப்பது), வண்டியில் இருந்த அதே வகையாகவோ செய்ய வேண்டும். ஒற்றை ஃப்ளேர் அழுத்தத்தில் பிளக்கும். பழைய பாதையிலேயே, ரப்பர் வைத்த கிளிப்புகளோடு கட்ட வேண்டும்.

இப்போதைய கார்களில் நைலான் லைன்தான் அதிகம். அதன் மேல் ரப்பர் ஹோஸைச் செருகி கிளாம்ப் போட்டால் நைலான் நசுங்கி, ஒரு நாள் கழன்றுவிடும். நைலானுக்கு முள் வைத்த இணைப்பான்கள் தனியாக உண்டு. அவற்றைச் சூடு காட்டாமல், அதற்கான கருவியால் அழுத்தி ஏற்ற வேண்டும். அந்தக் கருவி இல்லையென்றால் முழு லைனையே வாங்கி மாற்றுவது மேல். க்ளிக் என்று பூட்டும் முனைகளில் பூட்டியதும் ஒரு முறை பின்னால் இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

முடித்ததும்

பேட்டரியையும் ஃபியூஸையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். இதை நாலைந்து முறை செய்யுங்கள். லைனில் முழு அழுத்தம் ஏறியதும், ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் சுற்றித் துடையுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, எதிரே ஒருவர் தீயணைப்பானோடு நிற்க, மறுபடி பாருங்கள். ஒரு சுற்று ஓட்டிவந்து சூட்டில் ஒரு தடவை, மறுநாள் காலைக் குளிரில் ஒரு தடவை. காலைச் சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஓ-ரிங் கசிவு பிடிபடுவதோ அப்போதுதான்.

வேலையை வெளியே கொடுத்தால், கழற்றிய ஹோஸைத் திருப்பிக் கேளுங்கள். இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். வளைவின் முதுகில் மெல்லிய வெடிப்புகள் கோடு கோடாகத் திறந்தால், வண்டியில் அதே வயதில் இன்னும் எத்தனை ஹோஸ் இருக்கின்றன என்று மெக்கானிக்கிடம் கேட்டு, அவற்றையும் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.